கன்றுக்கு முன் கட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடிக்கும் சமயம் வந்தாலே மலைக் கிராமங்களுக்கு மரக்கன்று வாங்கிக் கொடுக்கலாம் என்ற பேச்சு பர்மாவில் உள்ள நம் தமிழர் கோயில் சபைகளிலும் இளைஞர் மன்றங்களிலும் எழும். நல்ல மனசுதான். கூடவே, "மலைக்காரர்கள் விறகு வெட்டியே காட்டைத் தீர்த்துவிட்டார்கள்" என்ற ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வரி பாதிக்கு மேல் தப்பு. காரணத்தைத் தப்பாகப் பிடித்துவிட்டால், கொடுக்கிற கன்றும் தப்பான இடத்தில் போய்த்தான் சாகும். தென் ஷான் மலைகளில் விறகுக்காடும் அடுப்பும் எங்கள் வேலை. ஆகவே, கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று சில விவரங்களை எழுதுகிறோம்.

2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் பத்து வீடுகளில் ஏறக்குறைய ஏழு வீடுகள் விறகில் சமைத்தன. ஒரு வீடு சொச்சம் கரியில். எண்ணிக்கையைப் பார்த்தால் விறகுதான் எதிரி என்று தோன்றும். ஆனால் மலையில் ஒரு பெண் முதுகுக் கூடையில் கொண்டுவருவது என்ன? காய்ந்து விழுந்த கிளை, தவுங்யா (மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றி மாற்றிச் செய்யும் சாகுபடி) வெட்டும்போது மிஞ்சிய கட்டை, கையால் முறிக்கக்கூடிய சுள்ளி. நிற்கிற மரத்தை வேரோடு சாய்க்க அவளுக்கு நேரமும் இல்லை, கோடாலி பலமும் இல்லை. கரிக்காரர் அப்படி இல்லை. உளுத்த சுள்ளியைப் போட்டால் கரி தூளாகிவிடும் என்பதால் தொடை பருமன் உள்ள கெட்டி மரத்தை, அதுவும் பச்சையாக நிற்பதைத் தேடி வெட்டுவார்.

மண்ணை மூடி எரிக்கும் சாதாரண மூட்டத்தில் 100 வீசை காய்ந்த விறகு போட்டால் 15 வீசை கரி வருவதே பெரிது. விறகு ஈரமாக இருந்தால் 10 தான். (வீசை நம் சொல்தான், பர்மியக் கடைத்தெருவில் இன்றும் 1.63 கிலோவாக உயிரோடு இருக்கிறது.) ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 16 மெகாஜூல் சூடு, ஒரு கிலோ கரியில் 29. ஆக, மரத்தில் இருந்த 100 பங்கு சூட்டில் 27 பங்குதான் மூட்டையில் ஏறி ரங்கூனுக்கு வருகிறது. மிச்சம் காட்டிலேயே புகை. கரி அடுப்பு சூட்டை நன்றாகப் பிடிக்குமே என்பார்கள். பிடிக்கும். மூன்று கல் அடுப்பு நூற்றுக்கு 12 முதல் 15 பங்கைப் பானைக்குக் கொடுத்தால், நல்ல கரி அடுப்பு 25 வரை கொடுக்கும். ஆனால் 27-இல் கால்வாசி ஏழு கூட ஆகவில்லை. அதே மரத்தை விறகாகவே எரித்திருந்தால் குறைந்தது 12 பங்கு பானைக்குப் போயிருக்கும். மின்சாரம் நின்று நின்று வருகிற இந்த வருஷங்களில் நகரத்தில் குமிட்டி அடுப்பு பல வீடுகளில் மறுபடி ஏறிவிட்டது. ஒரே உலைக்கு மலைவாசி எரிப்பதைப் போல இரண்டு மடங்கு மரத்தை நாம் எரிக்கிறோம், அதுவும் அவர் மலையிலிருந்து.

இதில் நம்மவர் கையில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறோம். பெகு, தட்டோன் பக்கம் நெல் வைத்திருப்பவர்களுக்கு உமிக்குப் பஞ்சம் இல்லை. தகர டின்னின் அடிப்பக்கச் சுவரில் ஒரு துளை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, துளையிலிருந்து பாட்டிலின் அடிவரை ஒரு குச்சியையும் வைத்து, சுற்றிலும் உமியை இறுக்கி, பாட்டிலையும் குச்சியையும் உருவி எடுத்துப் பற்றவைக்கும் அடுப்பு இரண்டு மணி நேரம் நின்று எரியும். வெறும் உமியைத் தளர்வாகப் போட்டால் நடுவழி சரிந்து புகைந்தே அணைந்துவிடும். பாதிக்குப் பாதி மரத்தூள் கலந்து, அரை அங்குலம் அரை அங்குலமாக இடித்து இறுக்க வேண்டும். மோன் மாநிலத்தில் பால் வற்றிய ரப்பர் மரங்களை 25, 30 வருஷத்தில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அந்தக் கட்டையை வெட்டிய வாரத்திலேயே பிளந்து அடுக்கினால் (தாமதித்தால் வண்டு துளைத்துவிடும்) கோயில் அன்னதானத்துக்கு வருஷம் முழுக்கப் போதும். தீமிதிக் குழிக்கு வேறு கெட்டி மரம்தான் தணல் நிற்கும் என்பார்கள். அதில் நாங்கள் தலையிடவில்லை. சமையலுக்கு மலைக்கரி வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

இனி மலைக்கு வருவோம். காலோ, பிந்தயா சுற்றுவட்டாரத்தில் மொட்டைக் குன்று என்று வெளியூர்க்காரர் கைகாட்டும் இடத்தில் இறங்கி நடந்து பார்த்தால், புல்லுக்குள் பத்தடிக்கு ஒரு தூர் இருக்கும். ஓக் இனங்கள், மலைக் கஷ்கொட்டை போன்றவை. மேலே முழங்கால் உயரம் புதராகத் தெரிந்தாலும் கீழே வேர் முப்பது நாற்பது வயசு. வருஷா வருஷம் மாடு கடிப்பதும் பங்குனி, சித்திரைத் தீ பொசுக்குவதும்தான் அதை மரமாக விடாமல் வைத்திருக்கிறது. அந்த வேரின் முன்னால் பாலித்தீன் பையில் இருந்து இறங்கும் ஆறு மாதக் கன்று நிற்கவே முடியாது. மூன்று வருஷம் காத்தால் தூரிலிருந்து வரும் கிளை ஆளுயரத்தைத் தாண்டும். கன்று அப்போதுதான் புல்லுக்கு மேல் தலை தூக்கும். ஆகவே முதல் செலவு கன்றுக்கு அல்ல, வேலிக்கும், தீ தாண்டாமல் புல்லைச் செதுக்கி விடும் தீக்கோட்டுக்கும்.

தூரை வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்டு விறகு எடுப்பது கரும்புக்கு மறுதாம்பு விடுவதைப் போலத்தான். வெட்டுவது தை, மாசியில், புதுத் துளிர் வருவதற்கு முன். வேரில் சேமிப்பு நிறைந்திருக்கும் காலம் அது. மழைக்காலத்தில் வெட்டினால் துளிர்க்கும், ஆனால் அந்தத் துளிர் முற்றுவதற்குள் பனி வந்து கருக்கிவிடும். தரையிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலத்தில், தண்ணீர் வடிய ஒரு பக்கம் சாய்வாக வெட்ட வேண்டும். இடுப்பு உயரத்தில் வெட்டினால் குனிய வேண்டியதில்லை என்று பலரும் அப்படி வெட்டுகிறார்கள். மேலே முளைக்கும் கிளை பருத்ததும் முதல் பெருங்காற்றில் பிய்ந்து வந்துவிடும். மண்ணை ஒட்டி வரும் கிளைதான் தானே வேர் விட்டு நிற்கும். மழுங்கிய கோடாலியால் கொத்தினால் பட்டை உரிந்து தொங்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய பச்சைப் படலத்திலிருந்துதான் துளிர் வருகிறது என்பதால் பட்டை உரிந்த பக்கம் அழுகும். கடைசி வெட்டு வாளாக இருப்பது நல்லது.

முதல் மழையில் ஒரு தூருக்கு இருபது முப்பது துளிர் வரும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அப்படியே விட்டால் எல்லாம் கட்டைவிரல் பருமனில் நின்றுபோகும். மழை ஓய்ந்ததும் நாலு, அடுத்த வருஷம் இரண்டு என்று கழித்துவிட வேண்டும். கழித்தது ஆட்டுக்குத் தழை, அடுப்புக்குச் சுள்ளி. இங்கே ஒரு தவறு மறுபடி மறுபடி நடக்கிறது. வெட்டிய மரத்தின் கிளை, இலை எல்லாவற்றையும் தூரின் மேலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அடுத்த கோடையில் தீ வந்தால் அந்தக் குவியல் தூரைச் சுட்டுக் கொன்றுவிடும். ஓடும் புல் தீயைத் தாங்கும் தூர், நின்று எரியும் குவியலைத் தாங்காது. எல்லாவற்றையும் ஆறடி தள்ளி இழுத்துப் போடுவதற்குக் கூலி பிடிக்கும். அதற்குக் கொடையாளர்கள் பணம் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

எல்லா மரமும் துளிர்க்காது. ஷான் மலையின் பைன் மரத்தை வெட்டினால் தூர் செத்துவிடும். அது விதையிலிருந்துதான் வர வேண்டும். பைனுக்கு வேறு ஒரு வியாதியும் உண்டு. நெருப்பு மூட்டப் பிசின் சிராய் எடுப்பதற்காக நிற்கிற மரத்தின் அடியில் கொத்திக் குடைவார்கள். காயத்தைச் சுற்றிப் பிசின் ஊறும், அடுத்த மாதம் வந்து மறுபடி கொத்துவார்கள். சந்தையில் சிறு சிறு கட்டாக விற்பது அதுதான். மூன்று நாலு வருஷத்தில் குடைவு பாதி மரத்துக்குப் போய், பிசின் ஊறிய அந்தப் பொந்தில் தீ பிடித்து, நல்ல மரம் ஒன்று சாயும். வெட்டிப் போட்ட பழைய பைன் தூரிலேயே பிசின் கட்டை நிறைய இருக்கிறது. தோண்டி எடுக்கச் சிரமம் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

எவ்வளவு காடு போதும் என்பதை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். வீட்டில் ஒரு கட்டு விறகை எடை போட்டுத் தனியே வைத்து, அதிலிருந்தே எரிக்கச் சொல்லி, நாலு நாள் கழித்து மிச்சத்தை நிறுக்க வேண்டும். குளிர்காலத்தில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு நாலு வீசை என்று வந்தால் வருஷம் ஏறக்குறைய 1,500 வீசை, அதாவது 2.4 டன். அறுபது வீட்டுக்கு 144 டன். தீயும் மாடும் தீண்டாத மறுதாம்புக் காடு ஏக்கருக்கு வருஷம் ஒன்றரை டன் காய்ந்த விறகு கொடுக்கும் என்று வைத்தால் 96 ஏக்கர் வேண்டும். அதை எட்டுக் கூப்பாக (ஒரு வருஷத்தில் வெட்டும் பகுதி ஒரு கூப்பு) பிரித்தால் கூப்புக்கு 12 ஏக்கர். வருஷம் ஒரு கூப்பு வெட்டி, ஒன்பதாம் வருஷம் முதல் கூப்புக்குத் திரும்பலாம். மண் மெலிந்த சரிவில் ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் எழுதாதீர்கள். ஓடைக் கரையில் ஐம்பது அடியும் நிற்க முடியாத செங்குத்துச் சரிவும் கணக்கிலேயே வரக்கூடாது. ஏக்கருக்குப் பதினைந்து இருபது விதை மரம் வெட்டாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் தூரும் என்றைக்கும் துளிர்த்துக்கொண்டே இருக்காது. மாடு இரண்டு வருஷம் உள்ளே போகக்கூடாது. எட்டுக் கூப்பில் இரண்டுதான் மூடியிருக்கும், ஆறு திறந்திருக்கும் என்று விளக்கினால் மாட்டுக்காரர் சம்மதிப்பார். முழுக் காட்டையும் மூடிவிட்டுக் காவல் போட்டால் அவரே தீ வைப்பார்; குறை அவரிடம் இல்லை.

அடுப்பிலும் அடுக்களையிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால் இதே ஊருக்கு 64 ஏக்கர் போதும். இந்த 32 ஏக்கர் எங்கேயும் நடாமல் கிடைத்த காடு.

மிச்சத்தில் முதல் பங்கு காயவைப்பதில். அன்று வெட்டிய விறகின் எடையில் பாதி தண்ணீர். அதை எரிக்கும்போது அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போகிறது. எடைக்கு எடை காய்ந்ததில் பாதிச் சூடுதான் தரும். மாசியில் வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டை மேல் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, தலைக்கு மட்டும் கூரை, பக்கத்தில் காற்று. மழை தொடங்குவதற்குள் காய்ந்துவிடும். இரண்டு கட்டையைத் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். தொப்பென்றால் இன்னும் ஆகவில்லை. ஏழை வீட்டில் இது நடக்காததற்குக் காரணம் அறியாமை இல்லை. அன்றாடம் பொறுக்கி அன்றாடம் எரிப்பவருக்கு நாலு மாதக் கையிருப்பு சேர்ப்பது முதல் போடுவது மாதிரி. விறகுக் கொட்டகைக்கு நாலு தகரம் கொடுப்பது நல்ல தானம்.

கீழ்நாட்டுக்காரர் மறந்துவிடும் ஒன்று உண்டு. காலோ, தௌங்ஜி உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி பக்கம் கொதித்துவிடும். சின் மலையில் ஹாக்காவில் 94. எவ்வளவு விறகு தள்ளினாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் போகும். கொண்டைக்கடலையும் காராமணியும் அங்கே வேக மறுப்பது இதனால்தான். முதல் நாள் இரவே ஊறப் போட்டு, கொதி வந்ததும் தீயை இழுத்து, மூடி போட்டு வேகவைத்தால் கணிசமான விறகு மிச்சம். பிரஷர் குக்கர் இருந்தால் அதைவிட மிச்சம். மலைக்கு என்ன கொடுக்கலாம் என்று எங்களைக் கேட்டால் கன்றுக்கும் அடுப்புக்கும் முன்னால் குக்கரைத்தான் சொல்வோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாற்று ரப்பர் வளையத்தோடு. வளையம் கிழிந்த குக்கர் வெறும் கனத்த பானை, மலையில் அந்தக் கடை கிடையாது.

அடுப்பு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. மலை வீட்டில் மரத்தரையின் நடுவே சதுரப் பெட்டியில் மண் நிரப்பி, அதில் முக்காலி வைத்துச் சமைக்கிறார்கள். அந்த நெருப்பு சோறு மட்டும் ஆக்குவதில்லை. குளிருக்கு இதம் தருகிறது, மேலே தொங்கும் மக்காச்சோள விதையைப் பூச்சி தின்னாமல் காக்கிறது, மிளகாய் காயவைக்கிறது, கூரைப் புல்லைக் கறையானிடமிருந்து காக்கிறது. புகை இல்லாத தகர அடுப்பை இறக்கிவிட்டு இந்த நாலு வேலையையும் யார் செய்வது என்று கேட்காமல் வந்தால், மூன்றாம் மாதம் அது கோழிக்கூண்டு ஆகிவிடும். வாய் சிறியதாக இருப்பதும் ஒரு குறை. கோணல் மாணலான ஓக் கிளையை நாலு அங்குல வாய்க்குப் பிளப்பது ஒரு தனி வேலை, அது எப்போதும் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

பெட்டியை எடுக்காமலேயே திருத்தலாம். முக்காலியைச் சுற்றி மூன்று பக்கம் ஒன்பது அங்குல உயரத்துக்கு மண்சுவர்; சுவருக்கும் பானைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. இடைவெளி அதற்குக் குறைந்தால் தீ மூச்சுமுட்டிக் கரும்புகை கிளம்பும், அதற்கு மேல் போனால் சூடு பக்கவாட்டில் தப்பிவிடும். விறகு சாம்பலில் கிடக்காமல் இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்த நாலு இரும்புக் கம்பி. அடியில் காற்று போனால்தான் நுனி சுத்தமாக எரியும். மண்ணுக்குப் புற்றுமண், மணல், நறுக்கிய வைக்கோல். விரல் பருமனில் திரித்துக் கையைச் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே பிய்ந்தால் மணல் அதிகம். சுற்ற நன்றாக வந்து, காயும்போது வெடித்தால் களிமண் அதிகம். இரண்டு வாரம் நிழலில் காய வேண்டும், அவசரப்பட்டு மூன்றாம் நாள் பற்றவைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும். சுவர் கனமாக இருந்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேர்மாறு. ஆறு அங்குலச் சுவர் முதல் அரை மணி நேரச் சூட்டைத் தானே குடித்துவிடும். தேநீர் மட்டும் போடுகிற வீட்டில் கன மண்ணடுப்பு மூன்று கல்லைவிட அதிக விறகு தின்னும். இரண்டு அங்குலம் போதும். மண்ணில் உமிச்சாம்பல் கலந்தால் சூடு இன்னும் தங்கும்.

சமையலைவிட விறகு தின்னும் இரண்டு வேலைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்று பன்றித் தீவனம். வாழைத்தண்டை நறுக்கித் தவிட்டோடு பெரிய சட்டியில் நாள்தோறும் வேகவைக்கிறார்கள். நறுக்கிய தண்டோடு தவிடும் கொஞ்சம் உப்பும் கலந்து, மூடியுள்ள பீப்பாயில் காற்றுப் புகாமல் மிதித்து அடைத்தால் பத்து நாளில் புளித்து, வேகவைக்காமலே பன்றி தின்னும். மூடி சரியில்லாமல் மேலே பூஞ்சை பிடித்தால் அந்தப் பகுதியைத் தூக்கிப் போட வேண்டும். சேம்பையும் மரவள்ளியையும் மட்டும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். இன்னொன்று, பர்மாச் சுருட்டுக்கு மேலுறையாகும் நறுவிலி இன இலை. அதைச் சூடான தட்டில் வைத்து அழுத்தி உலர்த்த பிந்தயா, யுவாங்கான் பக்கம் எரியும் விறகு வீட்டு அடுப்போடு சேர்ந்ததல்ல, அது ஒரு தொழிலின் செலவு. ஆனால் இலையின் விலையில் விறகு ஏறுவதே இல்லை. ஊர்க்காட்டில் இலைக்காரருக்குத் தனிக் கூப்பு ஒதுக்கி, எடை போட்டுக் காசு வாங்கினால் தட்டுகளை வரிசையாக ஒரே தீவழியில் வைத்து எரிக்க அவர்களாகவே வழி கண்டுபிடிப்பார்கள்.

நிலம் யாருடையது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1856-இல் பெகு காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்த பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், மலையில் தவுங்யா போடும் கரேன் மக்களையே பயிரோடு தேக்கும் நடச் செய்தார். உலகம் முழுக்க வனத்துறை நூல்களில் தவுங்யா என்ற பர்மியச் சொல் ஏறியது அப்படித்தான். தேக்கு அரசாங்கத்துக்கு, அடுத்த வருஷம் வேறு மலை அவர்களுக்கு. 1995-இல் வந்த சமூகக் காட்டு ஆணை முதல்முறையாக ஊராருக்கு 30 வருஷக் குத்தகை கொடுத்தது. விறகுப் பற்றாக்குறையைத் தீர்ப்பதையும் அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொன்னது. 2016-இல் திருத்திய ஆணை விற்பனைக்கும் வழி திறந்தது. தொடக்க காலத்தில் வாங்கிய சான்றிதழ்களுக்கு 30 வருஷம் முடியும் காலம் வந்துவிட்டது; புதுப்பிக்க எல்லை வரைபடமும் மேலாண்மைத் திட்டமும் கேட்பார்கள். இதை எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உதவினால் அது ஆயிரம் கன்றுக்கு மேல். மறுபக்கம், 2012-இன் காலி, தரிசு, கன்னி நிலச் சட்டத்தின் கண்ணில் ஓய்வுக்கு விட்ட தவுங்யா வெறும் தரிசு. ஊரின் விறகு வருவதே அந்த ஓய்வு நிலத்திலிருந்துதான். அது கம்பெனிக்குப் போனால் விறகுக்காரர்கள் மிச்சக் காட்டின் மேல் விழுவார்கள், பிறகு காட்டை அழித்தவர்கள் என்று அவர்களையே எழுதுவார்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் கன்று வாங்கியாகிவிட்டது என்பவர்களுக்கு: 3,000 அடிக்கு மேல் மெசலி என்னும் மஞ்சள் கொன்றை வேண்டாம். தசௌங்மோன் என்னும் பர்மிய மாதத்தின் பௌர்ணமியில் அதன் மொட்டைச் சமைத்துத் தின்னும் வழக்கம் இருப்பதால் எல்லோருக்கும் பிடித்த மரம், கீழ்நாட்டில் அருமையான விறகும்கூட, ஆனால் பனியில் கருகும். மேலே ஈர மண்ணில் ஆல்டர் வரும். வேரில் நைட்ரஜன் பிடித்து மண்ணையும் தேற்றும். ஊற்றுக்குப் பக்கத்தில் தைல மரம் நடாதீர்கள். பையை முழுசாகக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை அரை அங்குலம் நறுக்கிவிட்டு நடுங்கள். சுருண்டபடி நட்டால் ஐந்தாம் வருஷம் தன் வேராலேயே கழுத்து இறுகிச் சாயும். ஆனி முடிவதற்குள் குழியில் இறங்கிவிட வேண்டும். ஆவணியில் லாரி ஏறும் கன்று மழை நிற்கும்போது வேர் பிடிக்காமலே நிற்கும். வாங்கும் பணத்தில் பாதியை முதல் இரண்டு வருஷக் களையெடுப்புக்கு எடுத்து வையுங்கள், வருஷம் மூன்று தடவை.

இப்படிக்கு,
விறகுக்காடு, அடுப்பு வேலைகளில் இருக்கும் சிலர்
தென் ஷான் மாநிலம்